வீட்டுப் பாஷையில் ஒரு பதில்

சீனு,

ரூமில் மற்ற மூன்று பேரும் இருக்கும்போது இந்தக் கடிதத்தைப் பிரிக்காதே. அவர்கள் வேலைக்குப் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து படி. போனில் சொல்லக்கூடாதா, எதற்கு இந்த ஆள் இம்புட்டு நீளத்துக்கு எழுதுகிறார் என்று உனக்கு எரிச்சல் வரும். வரட்டும். போனில் நான் ஆரம்பித்ததைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை ஒரே வரியில் முடித்துவிட்டாயே. "அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்ப்பா" என்றாய். அந்த வரியைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே வரியை, ஒரு எழுத்து மாறாமல், நான் முன்பே ஒருவன் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அவன் இப்போது உயிரோடு இல்லை.

நான் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ரத்தம் கொடுத்து, எச்.ஐ.வி. இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடு என்றேன். உன்னிடம் மட்டுமா கேட்டேன்? விளாங்குடியில் உனக்குப் பேசி முடித்திருக்கிற சுதாவிடமும் அவள் அப்பா அம்மா முன்னாலேயே கேட்டேன். அந்த வீட்டில் என்னை அடித்து விரட்டாததே பெரிது. ஆனால் அந்தப் பெண் பத்தே நாளில் எனக்குப் போன் போட்டது. "குடுத்துட்டேன் மாமா, இல்லன்னு வந்துருச்சு. அவரு எப்பக் குடுக்குறாரு?" என்று கேட்டது. சூரத்தில் வேலை அதிகம் என்று ஏதோ உளறிவிட்டு ரிசீவரை வைத்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "நல்ல காரியம் நடக்குற வீட்டுல என்னா பேச்சு பேசுறீங்க? ஜாதகம் பாத்தாச்சு, பத்துப் பொருத்தமும் இருக்கு. ரத்தத்தயும் பாக்கணுமாம்ல! நம்ம பிள்ளையப் பத்தி நமக்குத் தெரியாதா?" என்று தாளிக்கிற கரண்டியோடு வந்து நின்றாள். நமக்குத் தெரியாதுடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் இருபத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டவன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊர் உலகத்துக் குரலையெல்லாம் கேட்டவன். எனக்குப் படிப்பு கம்மி, காது மட்டும் ஜாஸ்தி. நம்ம ஆட்கள் வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுவார்கள், வாசலைத் தாண்டினால் தமிழ். இது ஊருக்கே தெரியும். யாரும் கவனிக்காத ஒன்றை நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கவனித்தேன். நம்ம ஆட்கள் இரண்டு பேர் போனில் நம் பாஷையில் பேசிக்கொண்டே இருப்பார்கள். திடீரென்று ஒருத்தர் தமிழுக்கு மாறுவார். அந்த இடத்தில் ஏதோ ஒளிகிறது என்று அர்த்தம். பிள்ளை பெயிலான சேதி, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, பெண்பிள்ளை வீட்டைவிட்டுப் போனது, எல்லாம் தமிழில்தான் வரும். நம் பாஷையில் சொன்னால் அம்மா முன்னால் நின்று சொல்கிற மாதிரி இருக்கும். தமிழில் சொன்னால் யாரோ எவரோ சொன்ன மாதிரி தப்பித்துக்கொள்ளலாம். போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் பத்து நிமிஷம் நம் பாஷையில் பேசினாய், சீனு. அந்த ஒரு வரியை மட்டும் தமிழில் சொன்னாய்.

அதனால்தான் கோபியின் கதையை உனக்கு முழுசாகச் சொல்லிவிட வேண்டும். உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த எதிர்வீட்டுக் கோபிதான். உனக்குத் தெரிந்த கதையில் நான் இல்லை. நான் இருக்கிற கதை வேறு.

நீ எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு அம்மாவும் கூட ஒரு பையனும் நம் தெருச் சங்கத்துக்கு வந்தார்கள். இந்த நோயைப் பற்றித் தெரு இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும், வெளியாள் வந்து சொன்னால் காதில் ஏறாது, தெருக்காரர் ஒருத்தரே சொல்ல வேண்டும் என்றார்கள். சங்கத்துப் பெரியவர்களுக்கு முகம் சுண்டிவிட்டது. "நம்ம தெருவுக்கு எதுக்கும்மா இது? பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிச் சொல்லுங்க" என்றார் தலைவர். கடைசியில் யாரும் வராததால் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். சர்க்கார் உத்தியோகம், வாய் உள்ளவன், கேட்டால் மறுக்க மாட்டான். சமயநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் பயிற்சி. எனக்குள்ளும் ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன். பெரிய பெரிய படங்கள் போட்ட புரட்டு அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னது. "சார், உங்க பாஷையிலயே சொல்லுங்க. உங்களக் கூப்பிட்டதே அதுக்குத்தான்." சரிம்மா, சரிம்மா என்று தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்து ஹாலில் கூட்டம். கேரம் போர்டையெல்லாம் சுவரில் சாத்திவிட்டு முப்பது நாற்பது பையன்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் நான் இடுப்பில் தூக்கி வைத்த பிள்ளைகள். முன் வரிசையில் என் அக்கா மகன், அவன் பக்கத்தில் கோபி. நான் வாயைத் திறந்தேன். நம் பாஷையில் ஒரு வார்த்தை வரவில்லை. அந்த உறுப்புக்கும் அந்தக் காரியத்துக்கும் நம் பாஷையில் இருக்கிறதெல்லாம் சண்டையில் திட்டுகிற வார்த்தைகள். அவற்றைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தமிழில் ஆரம்பித்தேன். அதுவும் என்ன தமிழ்! ரேடியோவில் செய்தி வாசிக்கிறவன் தமிழ். "பாதுகாப்பற்ற உடலுறவு", "தகாத நடத்தை", "நோய்த்தொற்று". பையன்களின் முகம் லேசாகிவிட்டது. இது வேற யாருக்கோ என்று அவர்கள் நிம்மதியாகிவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். பின்னால் ஒருத்தன், "அண்ணே, இது வெளியாளுங்களுக்கு வர்றதுதானே?" என்று நம் பாஷையில் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சீனு. பாவி, நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆணுறை பற்றிய படம் வந்தபோது இரண்டு அட்டையைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். கூட்டம் கலைந்த பிறகு கோபி மட்டும் ஜமக்காளத்தை மடிக்க நின்றான். "அண்ணே, ரெண்டு அட்டையச் சேத்துப் புரட்டிட்டீங்க. அதுல என்னா இருந்துச்சு?" என்றான். "அது கல்யாணம் ஆனவங்களுக்குடா" என்றேன். அவன் சரி என்று தலையாட்டிவிட்டு ஜமக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். அவன் அப்போது ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தான், சரக்கோடு சேர்ந்து பத்து நாள் இருபது நாள் வெளியூர் போய்விடுவான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும்.

நாலைந்து மாதம் கழித்து, சாயங்காலம் ஷிப்டு முடிந்து எக்ஸ்சேஞ்ச் வாசலுக்கு வருகிறேன், கோபி நிற்கிறான். டீக்கடைக்குப் போனோம். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, சீனு நல்லாப் படிக்கிறானா என்று நம் பாஷையில்தான் பேசினான். அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள், சோழவந்தானில் ஒரு இடம் கூடிவரும் போலிருக்கிறது என்றான். டீ கிளாசைச் சுற்றிச் சுற்றி உருட்டினான். பிறகு தமிழுக்கு மாறினான். "ஒரு தடவதாண்ணே போனேன். ஒரு தடவைக்கெல்லாம் வருமா?" எனக்கு முதுகில் வேர்த்துவிட்டது. ஒரு தடவையிலும் வரலாம்டா, பெரியாஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு என்றேன். "பேரு எழுதுவாங்களா? நம்ம ஆளுங்க யாராச்சும் அங்க வேலை பாக்குறாங்களாண்ணே?" என்று கேட்டான். நான் கூட வாரேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கே லீவு போடுகிறேன், வா என்று கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். என்னையும் யாராவது அந்த வரிசையில் பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று என் புத்தி போனது. "யோசிச்சுக்க" என்றேன். அவன் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தான். "அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்ணே" என்றான்.

பெண் கொடுக்கிறவர்கள் தெருவில் வந்து விசாரிப்பது நம் வழக்கம். மாப்பிள்ளை வீட்டில் கேட்க மாட்டார்கள், எதிர்வீட்டில் கேட்பார்கள். அடுத்த வாரமே சோழவந்தானிலிருந்து ஒரு பெரியவர் நம் வீட்டுப் படியேறி வந்தார். அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிற நம்ம ஆள்தான். வெறும் கையோடு வரக்கூடாது என்று ஊர் வெற்றிலை ஒரு கவுளி, கொழுந்தாகப் பார்த்து, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நான் வெற்றிலைப் பைத்தியம் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டோம். "ஒரே பொண்ணு. சாந்தின்னு பேரு. உங்கள நம்பிக் கேக்குறேன். பையன் எப்புடி?" என்றார். என் வாயில் அவருடைய வெற்றிலை இருந்தது. "நல்ல பையன்" என்றேன். அவர் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் "தங்கமான பையன்" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

நான் ஏன் வெற்றிலையை விட்டேன் என்று நீ ஒருமுறை கேட்டாய். பல் வலி என்றேன். பொய் சொன்னேன்.

அந்தக் கல்யாணத்தில் பாதாம் அல்வா போட்டார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும், இரண்டு தடவை கேட்டு வாங்கினாய். தாலி கட்டும்போது எல்லாரும் அட்சதை போட்டார்கள், என் அட்சதை கையிலேயே இருந்தது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம். கோபி சிரித்த முகமாகத்தான் இருந்தான். சாந்தி வாசலில் கோலம் போடுவதைப் பார்த்தபடியே நான் வேலைக்குப் போவேன். சரி, தப்பித்தோம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நாலாம் வருஷம் அவனுக்கு இருமல் வந்தது. நெஞ்சுச்சளி என்றார்கள், காசநோய் என்றார்கள், தெருவில் கேட்டவர்களுக்கு மஞ்சள் காமாலை என்றார்கள். சட்டை தொளதொளவென்று ஆடியது.

நீ பார்க்கப் போகிறேன் என்று அழுதாய். பிளஸ் டூ பரீட்சை இருக்கிறது, போகாதே என்று நான் கத்தினேன். பரீட்சையெல்லாம் சாக்கு. உனக்கு எதுவும் ஒட்டிக்கொள்ளும் என்ற பயமும் இல்லை, அதெல்லாம் படித்தவன் நான். அவன் உன்னிடம் ஏதாவது சொல்லிவிடுவானோ என்றுதான் பயந்தேன். நான் மட்டும் ஒருநாள் போனேன். சாந்தி காபி கொண்டுவந்து வைத்தாள். தொட்டாலும் வராது, கூடச் சாப்பிட்டாலும் வராது, ஒரே டம்ளரில் குடித்தாலும் வராது என்று மைக் இல்லாமல் கத்திச் சொன்னவன் நான். அந்தக் காபியை நான் குடிக்கவில்லை, சீனு. ஆடை படிகிற வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து வந்தேன். கட்டிலில் படுத்திருந்த கோபி அந்த டம்ளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு இருபது நாள்தான் இருந்தான்.

காரியமெல்லாம் முடிந்து சாந்தி நம் வீட்டுக்கு வந்தாள். உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். சாந்திக்கும் அந்த நோய் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அழுவாள், சாபம் கொடுப்பாள் என்று நான் தயாராக இருந்தேன். நம் பாஷையில், மெதுவாக, ஒரு கணக்கு வாத்தியார் கேட்கிற மாதிரி கேட்டாள். "எங்க அப்பா உங்ககிட்டத்தான வந்து கேட்டாரு? நல்ல பையன்னு சொன்னீங்களாம். அது பொய் இல்லண்ணே. அவரு நல்லவருதான், என்னைய ஒரு நாளு கடுஞ்சொல்லு சொன்னதில்ல. நான் கேக்குறது அது இல்ல. உங்களுக்கு வேற என்னா தெரியும்?" நான் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையைச் சேர்த்துப் புரட்டியது, டீக்கடை, வெற்றிலை, எல்லாம். தமிழில்தான் சொன்னேன். பாதியில் நிறுத்தினாள். "நம்ம பாஷையில சொல்லுங்க" என்றாள். ஆரம்பத்திலிருந்து மறுபடி சொன்னேன். அன்றைக்கு நான் அழுத மாதிரி என் அப்பா செத்தபோதும் அழவில்லை.

கேட்டு முடித்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான். "அடுத்த கூட்டம் எப்ப?" பெரியவர்கள் சங்கத்து ஹாலைத் தர மாட்டேன் என்றார்கள். ஒரு பொம்பிளை, அதுவும் புருஷனை இழந்தவள், பையன்கள் முன்னால் இதையெல்லாம் பேசுவதா என்று தலைவர் குதித்தார். அதுவரை அவர் முன்னால் உட்கார்ந்தே பேசாத நான் அன்றைக்கு மேஜையைத் தட்டிவிட்டேன். மொட்டை மாடியில் நடத்தினோம். முதல் கூட்டத்துக்கு ஆறே பேர். அந்த அட்டையை அவளே புரட்டினாள், ஒவ்வொன்றாக, எதையும் சேர்க்காமல். எனக்கு வாயில் வராத வார்த்தைகளையெல்லாம் நம் பாஷையில் சொன்னாள். சண்டையில் திட்டுகிற அதே வார்த்தைகள்தான், அவள் சொன்னபோது உடம்பின் பேர்களாக இருந்தன. ஒரு பையனும் சிரிக்கவில்லை. அடுத்தடுத்த கூட்டத்துக்கு அம்மாக்கள் வர ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அவள் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கிற மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு நடமாடுகிறாள், தையல் மிஷின் ஓட்டுகிறாள், என்னைப் பார்த்தால் "என்னாண்ணே, காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்கிறாள். குத்திக்காட்டுகிறாளா, சும்மா கேட்கிறாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குடித்துவிடுகிறேன்.

நீ கெட்டவன் என்று நான் எழுதவில்லை. அதை நன்றாகப் புரிந்துகொள். கோபியும் கெட்டவன் இல்லை. நல்ல பையன், கெட்ட பையன் என்று பார்த்துத்தான் நாங்கள் எல்லாரும் கோட்டை விட்டோம். சூரத்தில் நீ எப்படி இருந்தாய், எங்கே போனாய் என்று நான் கேட்கவே மாட்டேன், அது உன் விஷயம். ரத்தத்தில் இல்லை என்று வந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னைக் கிறுக்கன் என்று திட்டு. சமீபத்தில் ஏதாவது நடந்திருந்தால் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை கொடுக்க வேண்டும், அதுவரை கல்யாணம் தள்ளிப் போகும், போகட்டும், மண்டபத்துக்காரனிடம் நான் பேசிக்கொள்கிறேன். இருக்கிறது என்று வந்தால் நேராக வீட்டுக்கு வா. நீ குடித்த டம்ளரில் நான் குடிக்கிறேன். மாத்திரை இருக்கிறது, சாந்தி இருக்கிறாள், நான் இருக்கிறேன். அம்மாவை நான் சமாளிக்கிறேன். சுதாவிடம் சொல்ல வேண்டியதை நீதான் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் மட்டும் அவள் கழுத்தில் எதுவும் ஏறக்கூடாது.

வருகிற திங்கட்கிழமை விளாங்குடியிலிருந்து அவள் அப்பா வருகிறார். பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் முன்னால் மனசுக்கு ஒரு தைரியத்துக்கு நேரில் பேசிவிட்டுப் போகிறேன் என்றார். அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். உன் ரகசியத்தை நான் வெளியே சொல்ல மாட்டேன், அது சத்தியம். ஆனால் "நல்ல பையன்" என்ற வார்த்தையும் என் வாயிலிருந்து வராது. பெற்ற அப்பனே அதைச் சொல்லாமல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தால் அவருக்கு என்ன புரியுமோ அது புரியட்டும்.

இந்தக் கடிதத்தை நம் பாஷையில் எழுத ஆசைதான். அதற்கென்று ஒரு எழுத்து இருக்கிறதாம், எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அதனால் தமிழில் எழுதிவிட்டேன், இதில் நான் ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான்தான் போனை எடுப்பேன், உன் அம்மாவை எடுக்கவிட மாட்டேன். ரத்தம் கொடுத்துவிட்டாயா என்று ஒரே ஒரு கேள்வி, நம் பாஷையில் கேட்பேன். நீ எந்தப் பதில் சொன்னாலும் சொல், சீனு. தமிழில் மட்டும் சொல்லிவிடாதே.

அப்பா